கார்டைத் தேடும் முன் கேபினெட்டைத் திறங்கள்

2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல்லுக்கு விலை குவிண்டாலுக்கு 2500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2545. இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவதென்றால் எட்டு குவிண்டால் நெல் போக வேண்டும். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் எண்ணினால் இருபது மூட்டை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்து வீடுகளில் “கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சுப்பா, புதுசு போடணும்” என்று பிள்ளை வந்து நிற்கும்போது அப்பாவின் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான்.

அதனால் ‘பட்ஜெட் கார்டு’ என்ற பேச்சை இங்கே பெருநகரத்துக் கண்ணோடு பார்க்கக் கூடாது. யூடியூபில் பத்து கார்டுகளை வரிசையாக வைத்து எது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (எஃப்பிஎஸ்) தருகிறது என்று காட்டுவார்கள். அந்தச் சோதனை நடக்கும் கம்ப்யூட்டரில் இருப்பது நல்ல பிராசஸர், நல்ல பவர் சப்ளை, ஏசி அறை. கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் ஓடும் அசெம்பிள் செட்டில் இந்த மூன்றும் இருப்பது அபூர்வம். வாங்க வேண்டிய கார்டு எது என்பதில் பாதி முடிவை வீட்டிலிருக்கும் பெட்டி ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்கள்தான் காசை இழக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கு கம்ப்யூட்டர் கேம் வந்த வழியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கிராமத்து பிளஸ் டூ மாணவர்களின் கையில் முதல் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. அரசின் எல்காட் நிறுவனம் மூலம் வந்த அந்த லேப்டாப்பில் பாடத்தோடு ஜிடிஏ வைஸ் சிட்டியும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6-ம் ஓடின. பெரிய கேம்களை அது தாங்காது. அடுத்த கட்டமாகப் பலர் போனது இரண்டு வழிகளில்: ஒன்று, உள்ளூர்க் கடையில் பொருள் பொருளாகச் சேர்த்துக் கட்டிய அசெம்பிள் செட், மற்றொன்று, பெருநகரத்துக் கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி அலுவலகக் கம்ப்யூட்டரை வாங்கி, அதில் ஒரு சின்ன கார்டைச் சொருகிக் கொள்வது. இன்று ‘கார்டு போயிடுச்சு’ என்று வருகிற பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகையில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் கார்டு உண்மையில் போய்விட்டதா என்று பார்த்துவிடுவது நல்லது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் இருக்கும் டிஸ்ப்ளே போர்ட்டில் கேபிளை மாட்டிப் பாருங்கள். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் படம் வரும். வந்தால் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். பிறகு கார்டின் அடியில் தங்க நிறத்தில் இருக்கும் பட்டையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி அழுத்திச் சொருகவும். கடலோரக் காற்று படும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கங்களில் அந்தப் பட்டை மங்கிப் போய் டிஸ்ப்ளே வராமல் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். கேம் ஆடும்போது மட்டும் சட்டென்று கம்ப்யூட்டர் அணைந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை மீதோ சூட்டின் மீதோ விழ வேண்டும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலேயே கட்டம் கட்டமாக நிறப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால்தான் கார்டின் மெமரியோ சிப்போ கெட்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட கார்டை ஹீட் கன்னால் சூடாக்கி உயிர் கொடுப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பார்கள். சூடாக்கியதும் சில வாரம் ஓடும், பிறகு மறுபடி படுத்துவிடும். அந்தப் பணத்தைப் புதுக் கார்டுக்குச் சேர்த்து வைப்பதே மேல்.

சரி, கார்டு போனது உறுதி. இனி கேபினெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய முதல் பொருள் எஸ்எம்பிஎஸ்.

அசெம்பிள் செட்டின் விலையைக் குறைக்கக் கடைக்காரர் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை நம்ப வேண்டாம். பக்கத்திலிருக்கும் லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட் வழியாக வரும் கரண்டைத்தான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கி 216 வாட். பெரிய எழுத்தில் இருக்கும் 450-க்கும் இந்த 216-க்கும் எவ்வளவு தூரம்! ஐ5-3470 போன்ற ஒரு பழைய இன்டெல் பிராசஸருக்கு 77 வாட் போகட்டும். மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது. மிச்சம் நூறு வாட் அளவுதான். அதில் 70 வாட் கேட்கும் கார்டு ஓடும். 132 வாட் கேட்கும் கார்டு ஓடாது. ஓடுவது போல இருந்து ஒரு நாள் மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மதர்போர்டின் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் வரைதான் கார்டுக்குக் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும்: 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட், 8 பின் கனெக்டர் 150 வாட். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த வயரே இருக்காது. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயரைக் கன்வெர்ட்டர் போட்டு 6 பின்னாக மாற்றிக் கொடுப்பார்கள். மட்டமான வயர் உருகிப் போவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தயவு செய்து செய்யாதீர்கள். நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் முத்திரையோடு, மூவாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் அதை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்துக்குக் கார்டு பார்ப்பதே சரியான முறை.

காவிரி டெல்டாவில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே டிரான்ஸ்பார்மரில் வீடுகளும் போர்வெல் மோட்டார்களும் சேர்ந்து இழுக்கும் ஊர்களில் வோல்டேஜ் விழுவதும் எழுவதும் அன்றாட விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கம்ப்யூட்டருக்கு ஆபத்து கரண்ட் போகும்போது குறைவு, திரும்பி வரும் நொடியில் அதிகம். எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது இன்னும் கூடுதல். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு யுபிஎஸ்ஸும் இந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் யுபிஎஸ்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பெரிய கார்டு மாட்டிய கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடும்போது யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும்.

கரண்ட் பில்லையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம். 185 வாட் குடிக்கும் பழைய ஆர்எக்ஸ் 580-க்கும் 70 வாட் குடிக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கும் வித்தியாசம் 115 வாட். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் சுமார் இருபது யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுவதால், ஐந்நூறு யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டை அந்த இருபது யூனிட் அடுத்த படியில் ஏற்றிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அடுத்தது மதர்போர்டும் கேபினெட்டும். நம் ஊர் அசெம்பிள் செட்களில் எச்61 வகை மதர்போர்டு இன்னும் ஏராளம். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்களுக்கான போர்டு அது. இன்டெல் நிறுத்திப் பல வருடமானாலும், வெளிக் கம்பெனிகள் புதிதாகவே செய்து விற்றுக்கொண்டிருக்கின்றன. இதில் இரண்டு சிக்கல்கள். பழைய பயாஸ் மட்டும் இருக்கும் போர்டில் புதிய கார்டு சில சமயம் டிஸ்ப்ளே தராமலே நிற்கும். பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது சிக்கல் லேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் தகவல் போகும் பாதைகளை லேன் என்பார்கள். முழு கார்டுக்கு 16 லேன். ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டும் நான்கு லேன் மட்டுமே பயன்படுத்துகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதிய போர்டில் அது பரவாயில்லை. 3.0 போர்டில் பாதையின் வேகம் பாதி, 2.0-வில் கால்வாசி. 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி நகரும். விலை குறைவு என்று பழைய போர்டுக்காக இந்த இரண்டையும் வாங்கினால் அவை தங்கள் முழு வேகத்தைக் காட்டவே போவதில்லை. அதோடு இவற்றில் வீடியோவைப் பதிவு செய்யும் என்கோடரும் கிடையாது. ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைக்கும் மாணவருக்கு இது பெரிய குறை.

கம்பெனிகள் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. 2012 காலத்து ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் சின்ன கேபினெட்டில் வருவது 240 வாட் எஸ்எம்பிஎஸ். அது டெல்லுக்கென்றே தனி வடிவத்தில் இருப்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்ட முடியாது. கேபினெட்டும் ஒல்லி, பாதி உயரமுள்ள ‘லோ புரொஃபைல்’ கார்டுதான் உள்ளே போகும். இப்படிப்பட்ட பெட்டிக்கு ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் லோ புரொஃபைல் மாடல், தனிப் பவர் வயர் கேட்காதது: வேறு பேச்சே வேண்டாம்.

இப்போது கடை அலமாரிக்கு வருவோம். அங்கே மூன்று வகைக் கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி, ஜிபி கணக்கு. “4 ஜிபி கார்டு சார், நாலாயிரம்தான்” என்று ஜிடி 730-ஐ எடுத்து நீட்டுவார்கள். 2014-இல் வந்த சிப் அது. அதன் மேல் மெதுவான டிடிஆர்3 மெமரியை 4 ஜிபி ஒட்டியதால் அது கேமிங் கார்டு ஆகிவிடாது. ஜிடி 710 அதற்கும் கீழே. இரண்டாவது மானிட்டர் மாட்டவும் டிஸ்ப்ளே இல்லாத பிராசஸருக்குப் படம் கொடுக்கவும் இவை போதும். கேம் ஆட வாங்குவது பணத்தை வாய்க்காலில் விடுவதுதான். ஜிடி 1030-இல் இன்னும் நுட்பமான சிக்கல். 2017-இல் வந்த ஜிடிடிஆர்5 மாடலின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு வந்த மாடலில் அது 16.8 ஜிபி. பெயர் ஒன்று, வேகம் மூன்றில் ஒரு பங்கு. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இது நடந்தது: 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் மெமரிப் பாதை, 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். இரண்டையும் ஒரே கார்டு என்று நினைத்து விலையை ஒப்பிடக் கூடாது. எத்தனை ஜிபி என்று கேட்பதோடு எந்த வகை மெமரி, எத்தனை பிட் என்றும் கேட்க வேண்டும். சின்னக் கேள்விதான், பெரிய காசைக் காப்பாற்றும்.

இரண்டாவது கண்ணி, ‘புத்தம் புது ஆர்எக்ஸ் 580’. ஆன்லைனில் கேள்விப்படாத பெயர்களில் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 குவிந்து கிடக்கிறது. விவரத்தில் 2048எஸ்பி என்று சிறிய எழுத்தில் இருக்கும். அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள். 2048 என்பது ஆர்எக்ஸ் 570-இன் எண்ணிக்கை. 2018-இல் சீனச் சந்தைக்காக ஏஎம்டியே இந்தப் பெயரை அனுமதித்தது. இப்போது விற்பவற்றில் பல, கிரிப்டோ மைனிங்கில் உழைத்த பழைய சிப்பைப் புதுப் பலகையில் பதித்தவை. 2017-ஆம் வருடத்துச் சிப். கரண்டும் நிறையக் குடிக்கும். ஏஎம்டி இதற்கான டிரைவரை 2023-இலேயே தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டது. வாரண்டி என்று வந்தால் யாரைக் கேட்பது?

மூன்றாவது, அசல் போலி. பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விண்டோஸையே நம்ப வைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். 2018-இலிருந்தே அது போலிக் கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று எழுதிக் காட்டிவிடும். செகண்ட் ஹேண்ட் வாங்கும் யாரும் பென் டிரைவில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. குறைந்த பணத்தில் நல்ல கார்டு வேண்டுமென்றால் அந்தச் சந்தையைத் தவிர்க்கவும் முடியாது. 2020, 2021-இல் எத்திரியம் மைனிங் காரணமாகக் கார்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியதும் லட்சக்கணக்கான கார்டுகள் சந்தைக்கு வந்து விழுந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே குப்பை என்பது சரியல்ல. ஒரே சூட்டில் நிதானமாக ஓடிய சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது ஃபேனும், மெமரி மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடும். அவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது. விற்பவர் வீட்டிலேயே கேமோ ஃபர்மார்க் போன்ற சோதனையோ கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடு எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் கரகரக்கிறதா, திரையில் புள்ளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா டிஸ்ப்ளே போர்ட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அசல் பில் இருந்தால், அதிலிருக்கும் சீரியல் நம்பர் கார்டின் ஸ்டிக்கரோடு பொருந்தினால், மிச்ச வாரண்டியும் கிடைக்க வழி உண்டு. பில் இல்லையென்றால் விலையைப் பாதியாகப் பேசுங்கள்.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் இன்னொரு தேதியையும் மனதில் வைக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 960, 1050 டிஐ, 1060, 1070, 1080 என்று நம் ஊரில் கை மாறிக்கொண்டிருக்கும் கார்டுகளுக்கெல்லாம் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே என்று என்விடியா அறிவித்துவிட்டது. அதே 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. 1050 டிஐ ஒரு காலத்தில் டெல்டாவின் செல்லப்பிள்ளை: 75 வாட், தனி வயர் வேண்டாம், 4 ஜிபி. அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் இன்று ஐயாயிரம் கொடுத்து அதை வாங்குவதற்குப் பதில், இன்னும் கொஞ்சம் சேர்த்து 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-க்குப் போவது புத்திசாலித்தனம். அது அடுத்த தலைமுறைச் சிப், டிரைவர் இன்னும் வருகிறது, மின் தேவையும் அதே 75 வாட்தான். சில கம்பெனிகளின் 1650-இல் 6 பின் கனெக்டர் இருக்கும். இல்லாத மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

என்ன கேம் ஆடப் போகிறோம் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவை கார்டைவிடப் பிராசஸரைத்தான் அதிகம் பிழியும். 1650 அவற்றுக்குத் தாராளம். 2015-இல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5-ம் அதில் அழகாக ஓடும். சைபர்பங்க் 2077 இப்போது குறைந்தபட்சமே 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கேட்கிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் இரண்டும், ஒளியின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் வசதி உள்ள சிப் இல்லாமல் ஓட மாட்டேன் என்கின்றன. அங்கே ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் எதுவும், நல்ல கார்டான 1660 சூப்பர் உட்பட, வாசலிலேயே நின்றுவிடும். ஜிடிஏ 6-க்காக இப்போதே கார்டு வாங்கி வைக்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு தகவல்: ராக்ஸ்டார் 2025 நவம்பரில் அறிவித்த தேதி 2026 நவம்பர் 19, அதுவும் கன்சோல்களுக்கு மட்டும். பிசிக்கு அப்போது தேதியே சொல்லவில்லை. வராத கேமுக்காக வீட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

பிறகு, சூடும் தூசியும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வயலோர வீடுகளில் சுணை பறக்கும். அரவை மில் பக்கத்தில் இருந்தால் தவிட்டுத் தூசி வருடம் முழுக்க. கார்டின் ஹீட் சிங்க் இடுக்குகளில் அது படிந்து, ஈரத்தோடு கெட்டியாகி, காற்றை அடைத்துவிடும். சித்திரை வெயிலில் அறையே நாற்பது டிகிரியை ஒட்டிக் கொதிக்கும்போது கார்டு எண்பதைத் தாண்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு ஃபேன் உள்ள மாடலுக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் தவறில்லை. அறுவடை முடிந்ததும் ஒரு முறை கழற்றி, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வீட்டு மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கேம் செட்டிங்கில் எஃப்பிஎஸ்ஸை அறுபதோடு கட்டிப் போடுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சூடு, சத்தம், கரண்ட் மூன்றும் குறையும்.

பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து முடிவுக்கு வரலாம். எட்டாயிரத்துக்குள் என்றால் பில்லோடு கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650. எஸ்எம்பிஎஸ் தாங்குமானால் அதே மாதிரி கிடைக்கும் 1650 சூப்பர் இன்னும் வேகம். அது 100 வாட், 6 பின் கேட்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாதவர்களுக்கும், புதிதாகத்தான் வாங்குவோம் என்பவர்களுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அதன் விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 70 வாட்டில், தனி வயர் இல்லாமல், ரே டிரேசிங்கும், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ்ஸும் தரும் கார்டு வேறு எளிதில் கிடைக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கிறது அல்லது மாற்றத் தயார் என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் 329 டாலருக்கு வந்த கார்டு, பிறகு இந்தியாவில் இருபதாயிரத்தைச் சுற்றி இறங்கியது. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர். ஃபுல் எச்டி மானிட்டரில் 3050-ஐவிடத் தெளிவாக வேகம். இதற்கும் லேன் எட்டுதான், ஆனால் 3.0 போர்டில் அதனால் வரும் இழப்பு சின்னது.

இன்டெல்லின் ஆர்க் பி580 பற்றி நல்ல பேச்சு நிறைய வரும். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி கொடுத்தார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் அது சரியாக ஓடாது. பழைய பிராசஸரோடு சேர்த்தால் வேகம் நன்றாகவே குறைவதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். புதுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அது சரி.

மொத்தக் கம்ப்யூட்டரும் பத்து வருடப் பழசு என்றால் இன்னொரு வழியும் யோசிக்கத்தக்கது. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கொண்ட பிராசஸருக்கு மாறி, ராமை இரண்டு குச்சியாகப் போட்டு, தனிக் கார்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம். ஆனால் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை ஏறிவிட்டது. குரூசியல் என்ற பெயரில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ராம் விற்றுவந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கார்டுகளுக்கான மெமரியும் அதே மெமரிக் கம்பெனிகளிடமிருந்துதான் வருகிறது என்பதால் ‘இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் விலை இறங்கும்’ என்று காத்திருப்பதில் இப்போது லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கே வாங்குவது? தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் இரவு ஏறினால் காலையில் சென்னை எழும்பூர். அங்கிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு கொஞ்ச தூரம். நாலு கடை ஏறி இறங்கி விலை பேசலாம், செகண்ட் ஹேண்டையும் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் போக வர ஆகும் செலவையும், ஆறு மாதம் கழித்து வாரண்டிக்காக மறுபடி போக வேண்டி வந்தால் என்ன என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஐந்நூறு, ஆயிரம் கூடச் சொன்னாலும், தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வாரண்டிக்குத் தானே அனுப்பி வாங்கித் தரும் கடைக்காரர் கிடைத்தால் அவரிடம் வாங்குவதே நல்லது. பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு வரும் அந்தப் பில்தான் பல கார்டுகளின் மூன்று வருட வாரண்டிக்குச் சாவி.

கடைக்குக் கிளம்பும் முன் கேபினெட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் லேபிள், மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயர், பழைய கார்டு இருந்த இடம் மூன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் வைத்து, கார்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் நீளம் இடமிருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கார்டின் பெயரைக் கேட்பதற்கு முன் அந்தப் படங்களைக் காட்டுங்கள். படத்தைப் பார்க்காமலே “எல்லாம் ஓடும் சார்” என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.